ஓடிபி

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன், இரண்டாம் கவுண்டர்.
விருத்தாசலம் பாசஞ்சருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது
கம்பிக்கு வெளியே கூரியர் பையன்:
"செங்கொடி யாருங்க? சுங்கவரி கட்டணும்,
ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது."

எதற்கு வரி என்றேன்.
பெட்டிமேல் படித்தான்: உலோகப் பொருள், பரிசு.
பரிசுக்கு வரியா என்று வரிசையில் ஒருவர் சிரித்தார்.
"ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கக்கா."
ஓடி மூன்று வருஷம் ஏழு மாதம் ஆகிறது, தம்பி.
நாலு எண்ணைச் சொன்னேன்.

அல்மாட்டியில் அன்று மழை.
ஆசியத் தடகளம், ஸ்டீபிள்சேஸ் மூவாயிரம் மீட்டர்:
இருபத்தெட்டுத் தடை, ஏழு தண்ணீர்க் குழி.
எங்கள் ஊர்க்காரிக்குத் தண்ணீரா புதிது?
கெடிலம் பெருகிய நவம்பரில்
மஞ்சக்குப்பம் ஸ்டேடியத்தில் முழங்கால் வெள்ளம்.
கேப்பர் மலைச் செம்மண்ணில் ஏறி ஓடினேன்,
ஜெயில் மதிலை ஒட்டி.
காவல் கோபுரத்து ஆள் தன் கைக்கடிகாரம் பார்த்து
என் நேரத்தை மேலிருந்து கத்துவான்.

நூற்றில் முப்பத்தொன்று நொடி.
அவ்வளவுதான் நான்காம் இடம் என்பது.
மேடைக்குப் பின்னால், ஈர ஷூவோடு,
மூன்று கொடிகள் ஏறுவதைப் பார்த்தபடி நின்றேன்.
அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் காண்டிராக்ட் ஆள்;
சங்கத்து வேகத்தில் வைத்த பெயர் எனக்கு.
பெயரில் மட்டும் கொடி.

மூன்றாவதாக நின்றவளின் எண் 417.
காத்திருப்பறையில் என் எண்தாள் கிழிந்தபோது
தன் பனியனிலிருந்து கழற்றி
ஒரு ஊக்கு தந்தவள்.
அவள் தாள் மூன்று ஊக்கில் ஓடியது,
ஒரு மூலை காற்றில் படபடக்க.
அந்த மூலையைத்தான்
கடைசிச் சுற்று முழுக்கத் துரத்தினேன்.

ஊக்கமருந்து என்றது கடிதம்.
பழைய மாதிரியை மறுபடி சோதித்தார்களாம்.
மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம் என்று தொடங்கி
விழாவுக்கோ கொடிக்கோ ஏற்பாடில்லை என்று முடிந்தது.
நடுவில் என் இனிஷியல் தப்பு.

மதியம் பிரித்து
டிபன் பாக்ஸ் மூடியில் வைத்துப் பார்த்தோம்.
"எத்தனை சவரன் தேறும்?" பார்சல் ஆபீஸ் தனகோடி கேட்டார்.
வெண்கலம் என்றேன்.
"அப்ப குத்துவிளக்கு வகையறா."
மெஹ்ருன்னிஸா மட்டும், கழுத்தில் போடு என்றாள்.
போட்டேன். பாயிண்ட்ஸ்மேன் கைதட்டினார்.
மூன்று தட்டு. நாலாவதைச்
சரக்கு வண்டி தின்றுவிட்டது.

புதிதாய் அடித்து அனுப்பியதா,
அவளிடமிருந்து வாங்கியதா, கடிதத்தில் இல்லை.
விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினேன்.
ஒரு சின்னக் குழி.
பக்கத்தில் இன்னொன்று, ஆழம் குறைவு.
போட்டோக்காரர்கள் கேட்டபோது அவள் மெடலைக் கடித்தாள்,
பார்த்துக்கொண்டு நின்றேன்.
வெண்கலத்தில் பல் பதியுமா?
பையன் எங்காவது கீழே போட்டிருக்கலாம்.

கோபம் வரவேண்டும். வந்தது.
இன்கிரிமென்ட், பதவி உயர்வு, அரசு தரும் தொகை,
டிக்கெட் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டே கோபப்பட்டேன்.
பேனா வைக்க இழுப்பறையைத் திறந்தால்
ரப்பர் பேண்டு, கிழிந்த ஐந்து ரூபாய்,
துருவேறிய ஒரு ஊக்கு.
எதற்கு வைத்திருக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை.

அவள் ஊரில் இப்போது மணி என்ன?
வாங்க வந்தவர்கள் கதவைத் தட்டினார்களா,
இல்லை, அவளே போஸ்டாபீசுக்கு நடந்து
எடை போட்டு, தபால் செலவு கட்டி,
ரசீதை மடித்துக்கொண்டு திரும்பினாளா?

ரிப்பன் ஒரு பக்கம் நூல் பிரிந்திருந்தது.
ஊக்கால் குத்திக்கொண்டேன்.

மூன்று மணிக்குக் கவுண்டரைத் திறந்தேன்.
"பண்ருட்டி ரெண்டு," கம்பிக்குள் ஒரு கை நீண்டது,
"அரை ஒண்ணு."
சுடிதாருக்குள் சில்லென்று கிடந்தது அது.
சில்லறைக்காகக் குனியும்போதெல்லாம்
மேசை விளிம்பில் இடித்து
டிங் என்றது.